அமெரிக்காவில் நர்சிங் படிக்க நர்ஸ் கோர் உதவித்தொகை: படிவத்துக்கு முன் வரைபடம்

பிப்ரவரி, மார்ச் பிறந்துவிட்டால் எனக்கு ஒரே மாதிரி ஃபோன் வர ஆரம்பிக்கும். "ஆன்ட்டி, நர்சிங்ல சீட் கிடைச்சிருச்சு. கவர்ன்மென்ட்டே ஃபீஸ் முழுசும் கட்டுமாமே, எப்படி அப்ளை பண்றது?" நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "படிச்சு முடிச்சதும் எந்த ஊர்ல ரெண்டு வருஷம் வேலை பார்க்கப் போறே?" மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது.

அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருந்தால் விண்ணப்பத்தில் பாதி முடிந்த மாதிரி. இல்லையென்றால் முதலில் அதைத் தேடுவோம், படிவம் அப்புறம்.

நாம் பேசப்போவது நர்ஸ் கோர் உதவித்தொகைத் திட்டம். அமெரிக்கச் சுகாதாரத் துறையின் கீழ் வரும் ஹர்சா என்ற அமைப்பு நடத்துகிறது. கல்விக் கட்டணம், கல்லூரி கேட்கும் மற்ற கட்டணங்கள், புத்தகம், சீருடை, கிளினிக்கல் சாமான்கள் போன்றவற்றுக்கு வருடம் ஒரு தொகை, இது போக மாதாமாதம் கைச்செலவுக்கான ஸ்டைபென்ட். கட்டணம் கல்லூரிக்கு நேராகப் போகும், ஸ்டைபென்ட் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அதிகபட்சம் 4 வருடம் கிடைக்கும். பதிலுக்கு நீங்கள் மருத்துவ வசதி குறைந்த பகுதியில், அவர்கள் ஏற்றுக்கொள்ளும் இடத்தில், குறைந்தது 2 வருடம் முழுநேர நர்ஸாக வேலை பார்க்க வேண்டும்.

வருடக் கணக்கில் ஒரு சின்ன வில்லங்கம் உண்டு. ஒரு வருடம் மட்டும் பணம் வாங்கினாலும் சேவை 2 வருடம்தான். 2 வருடம் வாங்கினால் 2, மூன்றுக்கு 3, நான்குக்கு 4. ஆனால் படிப்பு மூன்றாம் வருடத்துக்குள் ஒரே ஒரு செமஸ்டர் நீண்டு, அதற்கும் பணம் வாங்கினால், அந்த அரை வருடம் முழு வருடமாகத்தான் கணக்கில் ஏறும். சேவையும் 3 வருடம் ஆகிவிடும். கடைசி செமஸ்டர் ஃபீஸைச் சொந்தக் காசில் கட்ட முடியுமா, அல்லது ஒரு வருடம் கூடுதலாக வேலை பார்ப்பது மேலா என்று இப்போதே கணக்குப் போட்டுப் பாருங்கள். விண்ணப்பிக்கும்போதே எத்தனை வருடத்துக்கு வேண்டும் என்று கேட்பார்கள்.

முதலில், உங்களுக்குத் தகுதி இருக்கிறதா?

நம்மவர்கள் முதலில் தடுக்கி விழுவது விசா விஷயத்தில்தான். அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்களும் கிரீன் கார்டு கையில் உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் முடியாது. வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைகளும் முடியாது, இங்கேயே பள்ளிக்கூடம் முடித்திருந்தாலும் சரி. "அப்பாவோட கிரீன் கார்டு ஃபைல் பண்ணி எட்டு வருஷம் ஆச்சு" என்பார்கள். வரிசையில் நிற்பது கணக்கில் வராது, கார்டு வந்திருக்க வேண்டும்.

அடுத்தது படிப்பு. பதிவு பெற்ற நர்ஸ், அதாவது ஆர்.என். ஆவதற்கான படிப்பாக அது இருக்க வேண்டும்: டிப்ளமோ, சமுதாயக் கல்லூரியில் 2 வருட அசோசியேட் பட்டம், பி.எஸ்.என். (நர்சிங் இளநிலைப் பட்டம்), அதற்கு மேல் எம்.எஸ்.என். (முதுநிலை), டி.என்.பி. (முனைவர் நிலை). கல்லூரி அமெரிக்காவில் இருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும், அந்த வருடம் செப்டம்பர் 30-க்குள் வகுப்பு தொடங்கியிருக்க வேண்டும். ஆர்.என்.னுக்கு ஒரு படி கீழே உள்ள எல்.பி.என். நர்ஸ் படிப்புக்குக் கிடையாது. முன்-நர்சிங் பாடங்கள் எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் கிடையாது. இந்தக் கடைசி விஷயம் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. உடற்கூறியல், நுண்ணுயிரியல் எல்லாம் எடுத்துக்கொண்டு 'நர்சிங் படிக்கிறேன்' என்று சொல்லிக்கொள்வோம். நர்சிங் துறையின் சேர்க்கைக் கடிதம் வராதவரை அரசாங்கத்தின் கண்ணில் நீங்கள் நர்சிங் மாணவர் இல்லை.

திருமணமாகி இங்கே வந்து, சில வருடம் வீட்டில் இருந்துவிட்டு, கிரீன் கார்டு வந்ததும் இரண்டாவது வேலையாக நர்சிங்கைத் தேர்ந்தெடுக்கும் பெண்கள் நம்மில் நிறையப் பேர். ஏற்கெனவே ஒரு பட்டம் இருந்தால் துரித பி.எஸ்.என். படிப்பில் சேரலாம், அதற்கும் இந்த உதவி உண்டு.

இன்னும் இரண்டு தடை இருக்கிறது. மத்திய அரசுக்குக் கட்ட வேண்டிய கடன் எதையாவது கெடு தாண்டியும் கட்டாமல் வைத்திருந்தால் ஆகாது. வேறு யாருக்காவது 'படித்து முடித்ததும் உங்களிடம்தான் வேலை பார்ப்பேன்' என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் ஆகாது. சில மருத்துவமனைகள் உதவியாளர் வேலையில் இருப்பவர்களுக்குப் படிப்புச் செலவைக் கொடுத்து இப்படி ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கும். அதில் சிக்கியிருக்கிறீர்களா என்று பழைய ஃபைலை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.

படித்து முடித்து, கடனும் தலைக்கு மேல் இருக்கிறதா? உங்களுக்கான கதவு வேறு. நர்ஸ் கோரிலேயே கடன் அடைப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. தகுதியான இடத்தில் 2 வருடம் வேலை பார்த்தால் பாக்கி நர்சிங் கல்விக் கடனில் 60 சதவீதத்தை அவர்கள் அடைப்பார்கள். மூன்றாம் வருடமும் நீட்டித்தால் இன்னொரு 25 சதவீதம்.

இப்போது வரைபடம்

படிவத்தைத் திறப்பதற்கு முன் ஒரு சாயங்காலம் இதற்கு ஒதுக்குங்கள். ஹர்சாவின் இணையதளத்தில் பற்றாக்குறைப் பகுதிகளைத் தேடும் கருவி ஒன்று இருக்கிறது. மாநிலம், கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) என்று தேடலாம், முகவரியைப் போட்டும் பார்க்கலாம்.

முகவரியைப் போட்டதும் இரண்டு வகைப் பதில் வரும், குழம்புவது அங்கேதான். ஒன்று எம்.யு.ஏ., மருத்துவ வசதி குறைந்த பகுதி. இன்னொன்று எச்.பி.எஸ்.ஏ., மருத்துவப் பணியாளர் பற்றாக்குறைப் பகுதி. இரண்டாவதை எல்லோரும் 'ஹிப்சா' என்றே சொல்வார்கள். காதில் ஒன்றுபோலத்தான் கேட்கும், அளவுகோல் வேறு. எம்.யு.ஏ.வுக்கு நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள்: ஆயிரம் பேருக்கு எத்தனை மருத்துவர்கள், வறுமைக் கோட்டுக்குக் கீழே எத்தனை சதவீதம், 65 வயதுக்கு மேல் எத்தனை சதவீதம், சிசு மரண விகிதம். இவற்றைச் சேர்த்து நூற்றுக்கு மதிப்பெண் போட்டு, 62 அல்லது அதற்குக் கீழே வந்தால் அந்தப் பகுதி எம்.யு.ஏ. ஹிப்சாவுக்கு முக்கியம் ஆள் கணக்கு. பொது மருத்துவத்தில் சுமார் 3,500 பேருக்கு ஒரு மருத்துவர் என்ற அளவை எட்டிவிட்டால் பற்றாக்குறைப் பகுதி, தேவை அதிகமான இடங்களில் 3,000. அப்புறம் 0 முதல் 25 வரை மதிப்பெண். மதிப்பெண் கூடக்கூடப் பற்றாக்குறை அதிகம் என்று பொருள். நர்ஸை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்ய மருத்துவர்களின் தலையை எண்ணுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

உங்களுக்கு வேண்டியது ஹிப்சா. பொது மருத்துவத்துக்கோ மனநலத்துக்கோ இருந்தால் போதும், பல் மருத்துவத்துக்கு மட்டும் இருந்தால் பயனில்லை. எம்.யு.ஏ. என்று மட்டும் வந்தால் துள்ளிக் குதிக்காதீர்கள்.

இடம் சரியாக இருந்தால் போதாது, நிறுவனமும் சரியாக இருக்க வேண்டும். அரசு நிறுவனமாகவோ லாப நோக்கமற்றதாகவோ இருப்பது அவசியம். லாபத்துக்காக நடத்தும் தனியார் மருத்துவமனை பற்றாக்குறைப் பகுதியின் நடுவில் நின்றாலும் செல்லாது. ஏற்கும் வகைகள் நிறைய: சமூக சுகாதார மையங்கள், கிராமப்புற கிளினிக்குகள், பழங்குடியினருக்கான மருத்துவமனைகள், உள்ளூர் சுகாதாரத் துறை அலுவலகங்கள், முதியோர் பராமரிப்பு இல்லங்கள், டயாலிசிஸ் மையங்கள், கடைசிக்கால நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸ், ஏழை நோயாளிகளை அதிகம் பார்க்கும் பெரிய பொது மருத்துவமனைகள். 'கிரிட்டிகல் ஆக்ஸஸ்' என்ற பெயரைப் பார்த்து ஐ.சி.யூ. என்று நினைக்க வேண்டாம். அது 25 படுக்கைக்கு மேல் போகாத சின்னக் கிராமப்புற மருத்துவமனை.

மருத்துவ வசதி குறைந்த பகுதி என்றதும் எல்லோர் மனதிலும் சோளக்காடும் ஒற்றை ரோடும்தான் வருகிறது. அப்படியும் இருக்கிறது: மிசிசிப்பி டெல்டா, கிழக்குக் கென்டக்கியின் மலை ஊர்கள், அரிசோனாவிலும் நியூ மெக்ஸிகோவிலும் விரியும் நவஹோ நிலம். ஆனால் பெரிய நகரங்களுக்குள்ளேயே, நீங்கள் தினம் காரில் கடந்துபோகும் தெருக்களிலேயே ஹிப்சா இருக்கும். கணவருக்கு நகரத்தில் வேலை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்று கட்டிப்போடப்பட்டவர்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போகக்கூடிய இடங்களைப் பட்டியல் போடுங்கள். ஒரு நோட்டில் ஆறு பெயர் தேறினால் தைரியமாக மேலே போகலாம். ஒன்றுகூடத் தேறவில்லை, ஊரை விட்டுப் போகவும் முடியாது என்றால், இந்தத் திட்டம் உங்களுக்கு வேண்டாம். வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நண்பர் மகள் ஒருத்தி இந்த நோட்டைப் போட்டாள். போட்டது சரி, ஆனால் படிக்கும் இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அதைத் திறக்கவில்லை. முதல் பெயராக எழுதி வைத்திருந்த மருத்துவமனை இதற்குள் லாப நோக்கக் குழுமம் ஒன்றின் கைக்குப் போய்விட்டது. வெளிப்பலகை மாறவில்லை, உள்ளே இருந்த நர்ஸுகளும் அவர்களேதான். வேலைக் கடிதம் வந்த அன்று எனக்கு ஃபோன் பண்ணினாள். நான் உடனே ஹர்சாவின் தகுதியான இடங்களின் பட்டியலில் தேடினேன், அது அதில் இல்லவே இல்லை. கடைசியில் நோட்டில் நான்காவதாக இருந்த டயாலிசிஸ் மையத்தில் சேர்ந்தாள். ஹிப்சா அறிவிப்புகளையும் அவ்வப்போது மறுபரிசீலனை செய்கிறார்கள், இன்றைக்கு இருப்பது பட்டம் வாங்கும் நாளில் இல்லாமல் போகலாம். செமஸ்டருக்கு ஒரு தடவை அந்தப் பெயர்களைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

ஃபாஃப்சா, அப்புறம் காகிதங்கள்

இந்த உதவித்தொகையில் பொருளாதாரத் தேவைக்குப் பெரிய எடை. அதை அளக்க, கல்லூரிப் படிப்புக்கு மத்திய அரசின் நிதி உதவி கேட்கும் விண்ணப்பமான ஃபாஃப்சாவில் வரும் மாணவர் உதவிக் குறியீட்டைப் பார்க்கிறார்கள், சுருக்கமாக எஸ்.ஏ.ஐ. 2024-25 கல்வியாண்டிலிருந்து ஈ.எஃப்.சி. என்ற பழைய குறியீட்டுக்குப் பதிலாக வந்தது, இது மைனஸ் 1,500 வரைகூடப் போகும். எண் குறையக் குறைய உங்கள் தேவை அதிகம் என்று அர்த்தம். வரிசையில் முன்னால் நிற்பவர்கள் எஸ்.ஏ.ஐ. பூஜ்யமோ அதற்குக் கீழோ உள்ளவர்கள். வீட்டில் இருவரும் ஐ.டி.யில் இருந்து, பிள்ளை பெற்றோரைச் சார்ந்த மாணவராகக் கணக்கில் வந்தால் எண் உயரமாகத்தான் இருக்கும், விண்ணப்பம் வரிசையின் பின்னால் போகும். விண்ணப்பிக்கக் கூடாது என்றில்லை, இதை மட்டும் நம்பிச் செலவுத் திட்டம் போடாதீர்கள் என்கிறேன்.

ஃபாஃப்சாவுக்குக் கட்டணம் கிடையாது. நிரப்பித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களிடம் போக வேண்டாம். அது இரண்டு வருடத்துக்கு முந்தைய வரிக்கணக்கைத்தான் எடுக்கும். இடையில் வேலை போயிருந்தால் கல்லூரி நிதி உதவி அலுவலகத்தில் சொல்லி, கடிதத்தோடு மறுபார்வை கேட்கலாம். பெற்றோரோ, வரியைத் தனியாகத் தாக்கல் செய்த கணவரோ தங்கள் பகுதிக்குத் தனியாக உள்நுழைந்து ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒப்புதல் இல்லாமல் எஸ்.ஏ.ஐ. கணக்கே வராது. இதற்காகவே அப்பாவின் பாஸ்வேர்டை மார்ச்சில் தேடி அலைந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஜனவரியிலேயே முடித்துவிடுங்கள்.

விண்ணப்பம் இணையத்தில்தான். வருடத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் வசந்த காலத்தில், சில வாரங்களுக்கு மட்டும் திறந்திருக்கும். அந்த வருடத்து வழிகாட்டி ஆவணத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிடுங்கள். வருடா வருடம் சின்னச் சின்ன மாற்றம் இருக்கும், போன வருடம் வாங்கியவர் சொன்னார் என்பது இங்கே செல்லாது. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பாஸ்போர்ட் அல்லது கிரீன் கார்டு நகல், எஸ்.ஏ.ஐ. காட்டும் ஃபாஃப்சா சுருக்கம், டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்), சேர்க்கை பற்றிக் கல்லூரி நிரப்பித் தரும் படிவம், ரெஸ்யூமே, இரண்டு பரிந்துரைக் கடிதங்கள். கடிதங்களில் ஒன்று உங்களுக்குப் பாடம் நடத்தியவரிடமிருந்து, மற்றொன்று கல்லூரிக்கு வெளியே உங்கள் வேலையையோ தொண்டையோ நேரில் பார்த்தவரிடமிருந்து.

தாமதம் எப்போதும் மற்றவர்கள் கையில் இருக்கும் காகிதத்தில்தான். பேராசிரியரிடம் மூன்று வாரத்துக்கு முன்பே கேளுங்கள். கேட்கும்போது சும்மா 'ஒரு லெட்டர் வேணும்' என்று கேட்காமல், திட்டம் என்ன எதிர்பார்க்கிறது என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். எல்லாப் படிவத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் இனிஷியல் பிரச்சினை இங்கேயும் விடாது: கிரீன் கார்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், டிரான்ஸ்கிரிப்டில் கணவர் பெயர் இருக்கும். பெயர் மாற்றத்துக்கான ஆவணத்தைக் கூடவே எடுத்து வையுங்கள்.

கட்டுரை

விண்ணப்பத்தோடு கட்டுரையும் எழுதச் சொல்வார்கள். கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும்: ஏன் இப்படிப்பட்ட மக்களுக்கு வேலை செய்ய விரும்புகிறீர்கள், அதற்கு என்ன அனுபவம், கடமை முடிந்த பிறகும் இருப்பீர்களா.

ஒரு பெண் தன் முதல் வரைவை எனக்கு அனுப்பினாள். 'சிறு வயதிலிருந்தே பிறருக்கு உதவ வேண்டும் என்பது என் கனவு' என்று ஆரம்பித்திருந்தாள். இந்த வாக்கியத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றேன். "வேற என்ன ஆன்ட்டி எழுதறது? நான் சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு இலவச கிளினிக்ல ரிசப்ஷன்லதான் உட்கார்ந்திருந்தேன்." அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்டேன். இன்சுலினை இரண்டு நாளைக்கு வரட்டும் என்று பாதி டோஸ் போட்டுக்கொண்டு வந்த ஒரு டாக்ஸி ஓட்டுநரைப் பற்றிச் சொன்னாள். அவர் அதை டாக்டரிடம் சொல்லவில்லை, பெயர் பதியும்போது இவளிடம் சொல்லியிருக்கிறார். இவள் எழுந்துபோய் நர்ஸிடம் சொல்லியிருக்கிறாள். கட்டுரை அங்கிருந்தே தொடங்கியது. கனவு பற்றிய வரி தானாகவே போய்விட்டது.

எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, அதனால் வேறு இடத்தில் எழுதிக் குறைத்துவிட்டு ஒட்டுங்கள். நீங்கள் போட்ட அந்த நோட்டு இங்கே கைகொடுக்கும். 'பின்தங்கிய மக்களுக்கு' என்று பொதுவாக எழுதுவதைவிட, எந்தக் கவுண்டியில், எந்த மாதிரி கிளினிக்கில் என்று எழுதுகிறவர் யோசித்துத்தான் வந்திருக்கிறார் என்பது படிப்பவருக்குப் புரியும்.

கையெழுத்துப் போடும் முன்

தேர்வானால் ஒப்பந்தம் வரும். சந்தோஷத்தில் கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடாதீர்கள். கடமையை முடிக்காவிட்டால் அதுவரை கொடுத்த பணம் முழுவதையும், கல்லூரிக்கு நேராகப் போன கட்டணத்தையும் சேர்த்து, வட்டியோடு 3 வருடத்துக்குள் திருப்பிக் கட்ட வேண்டும். படிப்பைப் பாதியில் விட்டாலும் இதுதான். ஒரு பாடத்தில் தோற்று மறுபடி எடுத்தால் அந்தப் பாடத்துக்கு மறுபடி பணம் வராது.

வரியை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வேலை செய்யும் கடமையோடு வரும் உதவி என்பதால், சாதாரண உதவித்தொகைக்கு உள்ள வரிவிலக்கை இதற்கு அப்படியே எதிர்பார்க்க முடியாது. ஸ்டைபென்டுக்கு வரி உண்டு. கட்டணத் தொகையும் வருமானத்தில் சேருமா, வீட்டின் மொத்த வரியை அது எங்கே தள்ளும் என்று வரிக்கணக்கு பார்ப்பவரிடம் முதல் வருடமே கேட்டு, கொஞ்சம் பணத்தை ஒதுக்கி வையுங்கள்.

நர்ஸ் பிராக்டிஷனர் அல்லது நர்ஸ்-மிட்வைஃப் படிப்பவர்களுக்குத் தேசிய சுகாதார சேவைப் படையின் உதவித்தொகையும் இருக்கிறது. அதற்குக் கிரீன் கார்டு போதாது, குடியுரிமை வேண்டும். சேவைக் கடமையை மீறினால் வாங்கியதைப் போல மூன்று மடங்குக் கணக்கில் கேட்பார்கள். பழங்குடியின மாணவர்களுக்கு இந்திய சுகாதார சேவை தனியாக உதவித்தொகை தருகிறது. பெயரில் இந்தியன் என்று இருப்பதைப் பார்த்து நம்மவர் ஒருவர் விண்ணப்பத்தைப் பாதி நிரப்பியே விட்டார். அந்த இந்தியன் நாம் இல்லை. பல மாநிலங்களிலும் இதே மாதிரி திட்டங்கள் உண்டு, உங்கள் மாநிலச் சுகாதாரத் துறையின் தளத்தில் தேடுங்கள். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு சேவைக் கடமைகளைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

பட்டம் வாங்கிய பிறகு

வேலையை அவர்கள் தேடித் தருவதில்லை, நீங்கள்தான் தேட வேண்டும். ஹர்சாவின் ஹெல்த் வொர்க்ஃபோர்ஸ் கனெக்டர் தளத்தில் தகுதியான இடங்களும் காலியிடங்களும் இருக்கும். என்க்ளெக்ஸ் என்ற நர்ஸ் லைசென்ஸ் தேர்வை எழுதி லைசென்ஸ் வாங்கி வேலையில் சேர ஒரு கெடு உண்டு, அதனால் கடைசி செமஸ்டரிலேயே தேட ஆரம்பியுங்கள். வேறு மாநிலத்துக்குப் போவதாக இருந்தால் லைசென்ஸையும் யோசியுங்கள். டெக்சாஸ் மாதிரி நர்ஸ் லைசென்ஸ் கூட்டு ஒப்பந்தத்தில் உள்ள மாநிலங்களுக்குள் ஒரே லைசென்ஸில் வேலை பார்க்கலாம். கலிஃபோர்னியா அதில் இல்லை, தனியாக வாங்க வேண்டும், அதற்கு நாளாகும்.

நேர்காணலில் எச்.ஆரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் கட்டடத்தின் முகவரிக்கு ஹிப்சா மதிப்பெண் என்ன? நிறுவனம் லாப நோக்கமற்றதா? வாரத்துக்கு எனக்கு எத்தனை மணி நேரம் உறுதி? முழுநேரம் என்று ஒப்புக்கொள்ள வாரம் 32 மணி நேரமாவது வேண்டும். தேவைக்கேற்பக் கூப்பிடுகிறோம் என்கிற பி.ஆர்.என். வேலை இதற்கு உதவாது. ஒரே நிறுவனத்துக்குப் பத்துக் கிளினிக் இருந்து, உங்களை இங்கே பாதி அங்கே பாதி என்று சுழற்சியில் போடுவார்கள் என்றால், ஒவ்வொரு முகவரியும் தகுதியானதா என்று பாருங்கள்.

சேர்ந்த பிறகு இடம் மாற வேண்டுமென்றால் முதலில் அனுமதி, அப்புறம்தான் ராஜினாமா. மேலாளர் பிடிக்கவில்லை என்று வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டுத் திங்கட்கிழமை ஹர்சாவைக் கூப்பிட்டால் கதை கெட்டுவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இவர் இங்கேதான் முழுநேரம் வேலை பார்க்கிறார் என்று உங்கள் நிறுவனம் இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். பெரிய மருத்துவமனைகளில் அதை யார் செய்வது என்பதே பல சமயம் அங்கிருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த ஆளைக் கண்டுபிடித்துப் பெயரையும் மின்னஞ்சலையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவர் நீண்ட விடுமுறையில் போனால் யாரிடம் கேட்பது என்பதையும் சேர்த்து.